அன்னிக்கு மட்டும் அப்படி நடந்திருந்தா: டெல்டா தேர்தல் வரைபடம் போடப் பழகுவோருக்கு

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் யாராவது "அன்னிக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தால், பக்கத்து பெஞ்சுக்காரர் இரண்டாவது டீ சொல்லிவிடுவார். அன்னிக்கு மட்டும் எம்.ஜி.ஆர். பின்வாங்காம இருந்திருந்தா. அன்னிக்கு மட்டும் இரட்டை இலை முடங்காம இருந்திருந்தா. அன்னிக்கு மட்டும் விருதுநகர்ல காமராஜருக்கு இன்னொரு ஆயிரம் ஓட்டு விழுந்திருந்தா. பேச்சு சுவையாகத்தான் இருக்கும், கணக்குதான் இருக்காது. 1967-ல் காமராஜர் தோற்றது 1,285 வாக்கில். புதிதாக ஆயிரம் பேர் வந்து போட்டிருந்தாலும் போதாது. ஆனால் எதிராளிக்குப் போட்டவர்களில் வெறும் 643 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்ட அன்றுதான் நான் டீக்கடையிலிருந்து எழுந்து வந்து ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன்.

பழைய தேர்தல் முடிவுகளை வரைபடமாகப் போடுவது இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பாதி. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, நடக்காத ஒன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பார்ப்பது மறு பாதி. வருகிறவர்கள் எல்லாரும் நேரே இரண்டாவது பாதிக்கு ஓடுகிறார்கள். குறைந்தது மூன்று தேர்தலை உள்ளபடி வரைந்து முடிக்காமல் கற்பனைக்குப் போகாதீர்கள் என்பதுதான் என் முதல் விண்ணப்பம். நிலம் தெரியாமல் விதைத்தால் என்ன முளைக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் படம்: கையால், 2021

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு டிரேசிங் தாள், ஒரு பெட்டி கலர் பென்சில், இப்போதைய தொகுதி எல்லை போட்ட ஒரு படம். இவ்வளவு போதும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களில் மொத்தம் 18 சட்டமன்றத் தொகுதிகள். அதிர்ஷ்டவசமாக எண்களும் அடுத்தடுத்து வருகின்றன: 160 சீர்காழியில் ஆரம்பித்து, கடற்கரையோடு நாகை, வேதாரண்யம் என்று இறங்கி, மன்னார்குடி, திருவாரூர் வழியாக மேற்கே ஏறி, 177 பேராவூரணியில் முடிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வரைந்துவிடலாம்.

2021 முடிவு எளிது. 18-ல் 15 தி.மு.க. கூட்டணிக்கு, ஒரத்தநாடு, நன்னிலம், வேதாரண்யம் மூன்றும் அ.தி.மு.க.வுக்கு. இரண்டு நிறம் போதும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள், சிக்கல் தானே வரும். அந்தப் பதினைந்தில் நாகப்பட்டினம் விடுதலைச் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் வென்றது. கீழ்வேளூர் மார்க்சிஸ்ட். திருத்துறைப்பூண்டி இந்திய கம்யூனிஸ்ட். மயிலாடுதுறை காங்கிரஸ். பாபநாசத்தில் வென்றவர் மனிதநேய மக்கள் கட்சித் தலைவர், ஆனால் நின்றது உதயசூரியனில். பாபநாசத்துக்கு என்ன நிறம்? சின்னத்துக்கா, கட்சிக்கா, கூட்டணிக்கா?

சரியான பதில் என்று ஒன்று கிடையாது. ஏதாவது ஒன்றை முடிவுசெய்து, படத்தின் ஓரத்தில் எழுதி வைத்து, எல்லா வருஷத்துக்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். நான் கூட்டணிக்கு ஒரு அடிநிறம் கொடுத்து, கட்சிக்கு அதன் மேல் ஒரு சின்ன வட்டம் வைப்பேன். வருஷத்துக்கு வருஷம் கூட்டணி இடம் மாறும் நம் ஊரில் இது இல்லாவிட்டால் பாதிக் கதை போய்விடும். நிறத்தைப் பொறுத்தவரை ஒரு தகவல்: 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. 'மஞ்சள் பெட்டிக்கே ஓட்டு' என்று கேட்டுத்தான் 215 இடத்தில் 159 பிடித்தார்கள். அந்த வருஷத்துப் படத்தில் காங்கிரஸை மஞ்சளாகப் போட்டால் பார்க்கவே ஒரு சுகம்.

எண்கள் எங்கே கிடைக்கும்

தேர்தல் ஆணையம் 1951-52-ல் தொடங்கி ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் ஒரு புள்ளிவிவர அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பிடிஎஃப், இலவசம். வேட்பாளர் பெயர், கட்சி, வாக்கு எல்லாம் தொகுதிவாரியாக இருக்கும். சமீபத்திய தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி வாரியான கணக்கும் உண்டு. அதற்குப் படிவம் 20 என்று பெயர். எக்செல்லில் அப்படியே திறக்கிற மாதிரி வேண்டுமானால் அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் 'லோக் டாபா' தளம். எல்லைக் கோப்புகளுக்கு 'டேட்டாமீட்' என்ற தன்னார்வலர் குழு. இரண்டுக்கும் காசு கிடையாது.

எண் மட்டும் போதாது. அந்தக் காலத்துப் பத்திரிகையும் பார்க்க வேண்டும், அதிலும் ஒரே ஊரைப் பற்றி எதிரெதிர் இரண்டு பத்திரிகை. ஐம்பதுகளின் தஞ்சைக்கு 'தினமணி' ஒரு கையில், கம்யூனிஸ்ட்டுகளின் 'ஜனசக்தி' மறு கையில். ஒன்றில் 'அமைதியாக நடந்தது' என்றிருக்கும் கிராமம் மற்றதில் அப்படி இருக்காது.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது

கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். யூடியூபில் தமிழிலேயே பாடம் இருக்கிறது என்பதால் ஒவ்வொரு பட்டனாக நான் சொல்லப் போவதில்லை. என்னை அழவைத்த நான்கு விஷயங்கள் மட்டும்.

ஒன்று, பெயரை வைத்துப் பட்டியலையும் படத்தையும் இணைக்காதீர்கள். பழைய அறிக்கையில் சீர்காழி 'ஷியாலி'. மயிலாடுதுறை 'மாயூரம்'. திருவிடைமருதூரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக அடித்திருக்கிறார். பெயரால் இணைத்தால் 18-ல் ஏழு தொகுதி வெள்ளையாக நிற்கும். தொகுதி எண்ணை வைத்து இணையுங்கள். பழைய தேர்தல்களுக்கு நீங்களே ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, சிஎஸ்வி கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கவில்லை என்றால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். மூன்று, பரப்பளவு, தூரம் எதையாவது அளக்கப் போகிறீர்கள் என்றால் படத்தின் ஆயத்தொலைவு முறையை யூடிஎம் மண்டலம் 44 வடக்குக்கு மாற்றுங்கள். டெல்டா முழுக்க அதற்குள் அடங்கும். நான்கு, கோப்பை வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். 1977 படத்தை நான் இரண்டு முறை வரைந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பழைய எல்லை: உண்மையான வேலை இங்கேதான்

இனி வருவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சாரம். நேரத்தைத் தின்பதும் இதுதான்.

'கும்பகோணம்' என்ற பெயர் 1952-லும் இருக்கிறது, 2021-லும் இருக்கிறது. நிலம் ஒன்றல்ல. வலங்கைமான், குத்தாலம், திருவோணம் என்று சட்டமன்றத் தொகுதிகளே இருந்தன. 2006 தேர்தலோடு அவை மறைந்தன. கீழ்வேளூர் 2011-ல்தான் வந்தது. நல்ல செய்தி என்னவென்றால், ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுப் படம் வேண்டியதில்லை. 1977 முதல் 2006 வரை ஒரே எல்லை. 1967-க்கும் 1971-க்கும் ஒன்று. 2011 முதல் இன்னொன்று. 1952, 1957, 1962 மூன்றுக்கும் தனித்தனி. ஆறு அடிப்படைப் படங்கள் கைவசம் இருந்தால் எழுபது வருஷத்தையும் வரைந்துவிடலாம்.

அந்த எல்லைகள் படமாகக் கிடைக்காது, வார்த்தையாகத்தான் கிடைக்கும். தொகுதி மறுவரையறை ஆணையில் 'இன்ன தாலுகாவில் இன்ன பிர்கா, இன்னின்ன கிராமங்கள் நீங்கலாக' என்று எழுதியிருப்பார்கள் (பிர்கா என்றால் தாலுகாவுக்குள் சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்). அதனால் உங்கள் செங்கல் தொகுதி அல்ல, வருவாய்க் கிராமம். கிராம எல்லைக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு கிராமத்துக்கும் எதிரே அது 1962-ல் எந்தத் தொகுதி என்று ஒரு பத்தியில் எழுதிக்கொண்டே வர வேண்டும். முடிந்ததும் 'டிசால்வ்' கொடுத்தால் ஒரே எண் உள்ள கிராமங்கள் எல்லாம் உருகி ஒரு தொகுதியாகும். நன்னிலம் பக்கத்தை மட்டும் முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு மணி நேரம். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு மாவட்டத்தின் கிராமப் பெயர்களை எல்லாம் ஒரு தடவை வாயால் சொல்லி முடித்தவனுக்கு அந்த மாவட்டம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

மாவட்ட எல்லையும் ஏமாற்றும். 1991-ல் நாகப்பட்டினம் பிரியும் வரை எல்லாமே தஞ்சாவூர்தான். திருவாரூர் 1997-ல் பிரிந்தது, மயிலாடுதுறை 2020-ல். இதெல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது அறந்தாங்கி. 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகிற வரை அறந்தாங்கி தாலுகா தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஐம்பதுகளின் 'தஞ்சை மாவட்ட' இடக் கணக்கும் உங்கள் கணக்கும் இடித்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

அப்புறம் காரைக்கால். என் முதல் 1952 படத்தை அச்செடுத்து மாயவரத்தில் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு விரலைத் திருநள்ளாற்றில் வைத்தார்.

"ஏன்டா, அம்பத்திரண்டுல இங்க நம்மாளு ஓட்டுப் பெட்டி வச்சானா?"

"ஆமா பெரியப்பா, நாகப்பட்டினத்தோட சேர்த்து..."

"அங்க பிரெஞ்சுக்காரன்ல இருந்தான்! பொறையாத்துலேருந்து சைக்கிள்ல போனா நடுவுல சாவடி போட்டு மூட்டையத் தடவிப் பாப்பான்."

காரைக்கால் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து விடுபட்டது 1954 நவம்பர் 1-ல். இன்றைக்கும் அது புதுச்சேரியைச் சேர்ந்த ஐந்து தொகுதி. நம் மாவட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும். எந்த வருஷத்துப் படமானாலும் அங்கே ஒரு ஓட்டை விட்டுவிடுங்கள். 1952 என்றால் அந்த ஓட்டைக்குள் 'பிரெஞ்சு' என்று எழுதிவிடுங்கள்.

இரட்டை உறுப்பினர் தொகுதி

1952, 1957 இரண்டிலும் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள், அதில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. அதனால் விழுந்த ஓட்டு வாக்காளர் எண்ணிக்கையைவிட அதிகமாக இருக்கும். பயந்துவிடாதீர்கள், அறிக்கையில் பிழை இல்லை. சதவீதத்தை மொத்த ஓட்டுக்குப் போடுங்கள், ஆளுக்குப் போடாதீர்கள். தனி இடத்துக்கான ஆளை முதலில் தேர்ந்துவிட்டு, மிச்சமிருப்பவர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்குப் பொது இடம். அந்தப் பொது இடமும் ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்தவருக்கே போக வாய்ப்பு உண்டு. 1957-ல் ஆந்திரத்தில் பார்வதிபுரத்தில் வி.வி.கிரி தோற்றது அப்படித்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் அவர் ஜெயிக்கவில்லை. 1961-ல் சட்டம் போட்டு இந்த முறையையே எடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் இதற்குச் சாய்கோடு போட்டு இரண்டு நிறத்தையும் பட்டை பட்டையாகத் தீட்டுவது வழக்கம்.

1957-ல் இன்னொரு பள்ளம். தி.மு.க. அப்போது அங்கீகாரம் பெற்ற கட்சி அல்ல. அதன் வேட்பாளர்கள் அறிக்கையில் சுயேச்சைகள். குளித்தலையில் வென்ற கருணாநிதியும் பட்டியலில் சுயேச்சைதான். அப்படியே நிறம் போட்டால் கட்சி பிறக்கவே இல்லை என்று படம் சொல்லும்.

படத்தை எப்படிப் படிப்பது

ஜெயித்த கட்சி நிறத்தை மட்டும் பார்க்கிறவர் பாதிதான் பார்க்கிறார். வித்தியாசம் பெரிதென்றால் அடர் நிறம், சிறிதென்றால் வெளிர் நிறம் என்று ஒரு படம் கூடுதலாகப் போடுங்கள். கற்பனைக்குப் போகும்போது உங்களுக்குத் தேவைப்படுவது அந்த வெளிர் தொகுதிகள்தான். பரப்பளவும் ஏமாற்றும்: வேதாரண்யம் பக்கம் உப்பளமும் கோடியக்கரைச் சதுப்பும் சேர்ந்து படத்தில் பெரிய இடத்தைப் பிடிக்கும், கும்பகோணம் கைக்குட்டை அளவுதான் தெரியும். இரண்டுக்கும் சட்டமன்றத்தில் ஒரே நாற்காலி. அதனால் தொகுதிக்கு ஒரு கட்டம் என்று, ஊர் இருக்கிற திசை மாறாமல் அடுக்கி இன்னொரு படம்.

டெல்டாக்காரர்களுக்கு என்று ஒரு தனிச் சுகம் இருக்கிறது. தேர்தல் படத்தின் மேல் ஆற்றுப் படத்தை வைத்துப் பாருங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது தண்ணீர். காவிரியும் வெண்ணாறும் பாய்வது பழைய டெல்டா. மேட்டூர் அணையோடு 1934-ல் முடிந்த கல்லணைக் கால்வாய், தஞ்சாவூர்க்காரர்கள் 'புது ஆறு' என்பது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் புது டெல்டாவை உண்டாக்கியது. பழைய டெல்டாவின் கிழக்கே, பெரிய மிராசுகளும் பண்ணையாள் முறையும் இறுகிக் கிடந்த வெண்ணாற்றுக் கடைமடையில், நாற்பதுகளில் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டினார்கள். நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி 1971, 1977, 1989, 1996, 1998, 2019, 2024 என்று இந்திய கம்யூனிஸ்ட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பதைப் பாருங்கள். எழுபது வருஷத்துக்கு முந்தைய மதகு ஒன்றின் நிழல் இன்னும் வாக்குப் பெட்டியில் விழுகிறது. இதை வேறு எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை, இரண்டு டிரேசிங் தாள்தான் சொன்னது.

இனி, 'நடந்திருந்தால்'

மாற்று வரலாறு எழுதுவதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: ஒரே ஒரு மதகைத் திற, மற்றதைத் தொடாதே, தண்ணீர் போகிற வழியே கடைமடை வரை நட. இரண்டு மதகைத் திறந்தால் எந்தத் தண்ணீர் எதை நனைத்தது என்று தெரியாது.

பழகுவதற்கு ஒரு சின்ன மதகு. 1962-ல் தஞ்சாவூர்த் தொகுதியில் கருணாநிதி, காங்கிரஸின் பரிசுத்த நாடாரை வென்றார். வித்தியாசம் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. அதாவது ஆயிரம் பேர் மாறியிருந்தால் போதும், டீக்கடை ஆயிரம் இங்கே சரியாகப் பொருந்தும். அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றிருந்தார். கருணாநிதியும் தோற்றிருந்தால்? "1969-ல் முதல்வர் வேறு ஆள்" என்று தாவுகிறவர்கள்தான் அதிகம். நடந்து பாருங்கள். அண்ணா தோற்றபின் மாநிலங்களவைக்குப் போனார். தமிழ்நாட்டில் அப்போது மேலவையும் இருந்தது. கட்சிக்கு வேண்டிய ஆளுக்கு வேறு கதவு திறந்திருக்கும். ஆகவே மாற்றம் நாம் நினைக்கிற அளவு பெரிதாக இல்லாமலும் போகலாம். 'எதுவும் மாறவில்லை' என்று முடிகிற கதையும் நல்ல கதைதான். அதை எழுதத் தைரியம் வேண்டும்.

கூட்டலில் ஜாக்கிரதை. 1989-ல் அ.தி.மு.க. ஜெயலலிதா அணி சேவல், ஜானகி அணி இரட்டைப் புறா என்று பிரிந்து நின்றது. இரண்டு அணியின் ஓட்டையும் கூட்டி, 'சேர்ந்திருந்தால் இவ்வளவு இடம்' என்று ஒரு படம் போடுவது எல்லாரும் முதல் வாரத்தில் செய்யும் காரியம். நானும் செய்தேன். ஆனால் ஒட்டியிருந்தால் சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சிலர் கோபித்துக்கொண்டு தி.மு.க.வுக்குப் போட்டிருப்பார்கள், காங்கிரஸ் வேறு கூட்டணி தேடியிருக்கும். அதனால் நூற்றுக்கு நூறு மாறியதாக ஒரு படம், எண்பது மாறியதாக ஒன்று, அறுபது என்று ஒன்று. மூன்றிலும் ஒரே நிறமாக நிற்கிற தொகுதிகளைப் பற்றி மட்டும் அடித்துப் பேசுங்கள்.

சதவீதத்தை நேரே இடமாக்குவதும் அதே மாதிரிதான் கவிழ்க்கும். 1967-ல் காங்கிரஸ் வாங்கியது 41.10 சதவீதம், தி.மு.க. 40.69. இடமோ 234-ல் தி.மு.க.வுக்கு 137, காங்கிரஸுக்கு 51. தி.மு.க. எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை, 174-ல்தான் நின்றது. மிச்சத்தைச் சுதந்திரா, மார்க்சிஸ்ட் என்று கூட்டணிக்கு விட்டிருந்தது. 'காங்கிரஸுக்குத்தானே ஓட்டு அதிகம்' என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

பெரிய மதகு என்றால் எனக்குப் பிடித்தது 1979. முந்தைய நவம்பரில் கர்நாடகத்தின் சிக்மகளூரில் வென்ற இந்திரா காந்தியை டிசம்பரில் மக்களவை வெளியேற்றியது. அடுத்த வருஷம் தஞ்சாவூர் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல். அங்கே நிற்க விரும்பினார். எம்.ஜி.ஆர். முதலில் சரி என்று, பிறகு பின்வாங்கினார். இந்திரா நிற்கவில்லை, இந்திரா காங்கிரஸின் சிங்காரவடிவேல் நின்று வென்றார். 1980 ஜனவரியில் இந்திரா காங்கிரஸும் தி.மு.க.வும் சேர்ந்து 39-ல் 37 இடத்தை அள்ளின. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைந்தது. மே மாதத் தேர்தலில் 129 இடத்தோடு திரும்பி வந்தார்.

இப்போது மதகைத் திறக்கிறோம்: எம்.ஜி.ஆர். சொன்ன சொல்லில் நின்றார். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் கிட்டத்தட்ட நிச்சயமானது: இந்திரா தஞ்சாவூர் எம்.பி. அவர் கட்சிக்காரரே வென்ற தொகுதி அது. இரண்டாவதில் நடந்திருக்கக்கூடியது: 1980-ல் இந்திராவோடு சேர்ந்து நிற்பது தி.மு.க. அல்ல, அ.தி.மு.க. அப்படியானால் பிப்ரவரியில் ஆட்சியைக் கலைக்கக் காரணம் இல்லை, மே மாதத் தேர்தல் இல்லை, அடுத்த சட்டமன்றத் தேர்தல் 1982-ல். மூன்றாவதில் வெறும் ஆசை. என் நோட்டில் அந்தப் பத்தியில்தான் காவிரி இருக்கிறது. காவிரியின் கிளையான ஹேமாவதி பிறப்பது சிக்மகளூர் மாவட்டத்தில். ஊற்றுக்கண் தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர் கடைமடைத் தொகுதியின் எம்.பி. ஆகி, பிரதமரும் ஆகியிருப்பார். 1924 ஒப்பந்தத்தின் ஐம்பது வருஷம் 1974-ல் முடிந்து இழுபறியில் இருந்த நேரம். விடுவேனா? முதல் வரைவில் 1981-லேயே நடுவர் மன்றம் அமைத்து, குறுவைக்குத் தண்ணீரும் விட்டுவிட்டேன். நிஜத்தில் மன்றம் வந்தது 1990-ல். படித்த நண்பர் ஒரே வரி சொன்னார்: "கர்நாடகத்துல மட்டும் எலெக்‌ஷனே வராதா?" கிழித்துப் போட்டேன்.

இன்னும் பெரியது வேண்டுமென்றால் 1952. சென்னை சட்டமன்றத்தில் 375-க்குக் காங்கிரஸ் 152-தான். ஆந்திரத் தலைவர் டி.பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் 166 பேர் கணக்குக் காட்டினார்கள். ஆளுநர் ராஜாஜியை அழைத்தார். அந்த ஆகஸ்டில் ராஜாஜி அரசு கொண்டுவந்ததுதான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். பிரகாசத்தை அழைத்திருந்தால் 62 உறுப்பினர் வைத்திருந்த கம்யூனிஸ்ட்டுகளின் ஆதரவில், கேரளத்துக்கு ஐந்து வருஷம் முன்பே, ஒரு அரசு. அது எவ்வளவு நாள் நின்றிருக்கும், அந்தச் சட்டம் எப்படி இருந்திருக்கும்? இதற்கு ஒரு வருஷமாவது படிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

நான் தொடாத மதகு ஒன்றும் உண்டு. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, 44 உயிர். 'நடக்காமல் இருந்திருந்தால்' என்று அதை ஒரு தொகுதியின் நிறமாற்றமாக்குவதற்கு எனக்குக் கை வரவில்லை. அந்தக் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. இதில் எனக்கு உடன்படாத நண்பர்கள் உண்டு. அவர்கள் படத்தை அவர்கள் வரையட்டும்.

எழுதும் வடிவம் உங்கள் இஷ்டம். தேர்தல் அறிக்கை மாதிரியே ஒரு பட்டியல், மறுநாள் பத்திரிகைச் செய்தி, ஒரு பூத் ஏஜென்ட் தன் மச்சானுக்கு எழுதிய கடிதம். என்னைக் கேட்டால் கடிதம்தான். பெரிய தலைவர்களை வசனம் பேசவிடாதீர்கள், அவர்கள் பேசினாலே கதை மேடை நாடகமாகிவிடும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி, இதை மட்டும் தவறவிடாதீர்கள். 'கற்பனை' என்ற சொல்லைக் கோப்பின் பெயரிலோ கீழே பொடி எழுத்திலோ வைக்காமல், படத்தின் நடுவிலேயே, வெட்ட முடியாத இடத்தில் பெரிதாக எழுதுங்கள். என் 1979 படத்தைத் தங்கை மகன் அழகாக வெட்டிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ராத்திரி பத்து மணிக்கு மாயவரத்திலிருந்து போன்.

"ஏன்டா, இந்திரா தஞ்சாவூர்ல நின்னு ஜெயிச்சாங்களா? நான் அப்ப வல்லத்துலதான்டா வேலை பாத்தேன். கியூவுல நின்னு ஓட்டு வேற போட்டேன். எனக்கு யாருமே சொல்லலியே?"